சேர்வராயன் மலை வீட்டிலிருந்து அவசரமாக வெளியேற வேண்டி வந்தால்

ஏற்காட்டிலிருந்து நாகலூர் போகும் பக்கம், காப்பித் தோட்டத்தின் ஓரத்தில், சரிவை ஒட்டி உங்கள் வீடு இருக்கிறது. வீட்டில் நடக்க இயலாத மாமியாரும், பள்ளிக்குச் செல்லும் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள். தொழுவத்தில் இரண்டு பசுக்கள் நிற்கின்றன. கணவர் வேலை நிமித்தம் வார நாள்களில் சேலத்தில் தங்குகிறார். தங்கை குடும்பம் கீழே அம்மாபேட்டைப் பக்கம், திருமணிமுத்தாற்றில் போய்ச் சேரும் ஓடையை ஒட்டிய வீட்டில் குழித்தறி போட்டிருக்கிறது. பெருமழைக் காலத்தில் அவசரமாக வெளியேற நேர்ந்தால் இரு வீட்டாரும் என்னென்ன எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

எடுத்து வைக்க வேண்டியவற்றைப் பற்றி விரிவாகவே சொல்கிறேன். ஆனால் வருவாய்த் துறைப் பணியில் நிவாரண முகாம்களைக் கவனித்துக்கொண்டவன் என்ற முறையில் நான் கண்டது வேறு. பையே இல்லாமல் உடுத்த துணியோடு வந்தவர்களுக்கு ஒரு வேளைக்குள் சோறும் பாயும் போர்வையும் கிடைத்துவிடுகின்றன. இருட்டிய பிறகு, ஓடையில் தண்ணீர் ஏறிய பிறகு, பாதை பாதி போன பிறகு புறப்பட்டவர்களைத்தான் காப்பாற்றுவது பெரும்பாடாகிறது. ஆகவே எப்போது புறப்படுவது, எங்கே போவது, அதை யார் முடிவு செய்வது என்ற மூன்றையும் மழைக்கு முன்பே வீட்டில் உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். பை அதற்கு அடுத்ததுதான்.

முதலில் எங்கே என்பதைப் பார்ப்போம். வெளியேறுவது என்றாலே மலையை விட்டுச் சேலத்துக்கு இறங்குவது என்றுதான் பெரும்பாலானோர் நினைக்கிறார்கள். மழை தொடங்கிய பின் அந்த எண்ணம் ஆபத்தானது. மலைக்கு முக்கியமாக இருப்பவை இரண்டு பாதைகள்: அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளோடு ஏறுவது ஒன்று, குப்பனூரிலிருந்து கொட்டச்சேடு வழியாக வருவது மற்றொன்று. இரண்டுமே சரிவின் அடிப்பகுதியை வெட்டிப் போடப்பட்டவை. தாங்கி நின்ற மண்ணை எடுத்த இடத்தில்தான் மழை நீர் ஊறியதும் முதலில் சரியும். சேர்வராயன் மலை அடியில் சார்னோகைட் என்னும் கடும்பாறையால் ஆனது என்றாலும், மேலே பாறை சிதைந்து உண்டான மண் போர்த்திக் கிடக்கிறது. அந்த மண்ணுக்குள் சிதையாத பாறை உருண்டைகள் பொதிந்து கிடக்கின்றன. மண் கரைந்து இளகினால் உருண்டை தானாக உருளத் தொடங்கும். மலைப்பாதையில் ஒவ்வொரு மழைக்கும் பாறை விழுந்து போக்குவரத்து நிற்பதற்கு இதுவே காரணம். 2024 நவம்பர் 30 அன்று இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல் உள்மாவட்டங்களில் மெதுவாக நகர்ந்தபோது, ஏற்காட்டில் 20 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியதும், மலைப்பாதையில் மண்ணும் பாறையும் சரிந்து போக்குவரத்து நிறுத்தப்பட்டதும் உங்களுக்கு நினைவிருக்கும்.

எனவே உங்களுக்கு இரண்டு புகலிடங்கள் வேண்டும். ஒன்று சேலத்தில், எச்சரிக்கை வந்த நாளே, மழை பிடிக்குமுன், பகல் வெளிச்சத்தில் இறங்கிவிடுவதானால் மட்டும் அது. மற்றொன்று மலையிலேயே, மழை தொடங்கிவிட்டால் அதுதான். இரண்டாவது இடம் உங்கள் வீட்டிலிருந்து நடந்தே போகக்கூடிய தொலைவில், வழியில் எந்த ஓடையையும் கடக்க வேண்டாத திசையில், தலைக்கு மேல் செங்குத்துச் சரிவு இல்லாத மேட்டில், கான்கிரீட் கூரையோடு இருக்க வேண்டும். அரசுப் பள்ளி, சமுதாயக் கூடம், தேவாலய மண்டபம் எதுவானாலும் சரி. உங்கள் ஊராட்சியில் நிவாரண முகாமாகக் குறித்து வைத்திருக்கும் கட்டடங்கள் எவை என்பது கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கும், கேட்டால் சொல்வார். சாவி யாரிடம் இருக்கிறது என்பதையும் சேர்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள். இரவு இரண்டு மணிக்குப் பூட்டிய கதவின் முன் மழையில் நிற்பதைப்போல் மனம் ஒடிவது வேறில்லை.

அந்த இடம் உண்மையிலேயே பாதுகாப்பானதா என்பதை நீங்களே ஒரு வெயில் நாளில் நடந்து போய்ப் பார்க்கலாம். கட்டடத்துக்குப் பின்னால் மேலே நோக்குங்கள். மரங்களின் அடிப்பகுதி கீழ்நோக்கி வளைந்து பிறகு நிமிர்ந்திருந்தால், அந்த மண் பல ஆண்டுகளாக மெல்ல நகர்ந்துகொண்டிருக்கிறது என்று பொருள். பள்ளம் ஒன்று மலையிலிருந்து இறங்கி முடியும் வாயில், விசிறிபோல் மண் பரவிய இடமாக இருந்தால் பழைய சரிவுகள் அங்கே வந்து தங்கியிருக்கின்றன. சுற்றிலும் தனித்தனிப் பாறைகள் கிடந்தால் அவை எங்கிருந்து வந்தன என்று யோசியுங்கள். இதே கண்ணோடு உங்கள் வீட்டையும் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். குறிப்பாகத் தோட்டத்து வடிகால் எங்கே திரும்புகிறது, வீட்டுக்குப் பின்புறம் மண்ணை வெட்டி எழுப்பிய தடுப்புச் சுவரில் நீர் வெளியேறும் துளைகள் அடைபட்டிருக்கின்றனவா என்பவற்றைப் பாருங்கள். துளை அடைத்த சுவர் மழைக்காலத்தில் அணையாகிவிடும். அணையாக நிற்கும் வலு அதற்குக் கிடையாது.

அடுத்து எப்போது என்பது. வானிலை ஆய்வு மையம் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று எச்சரிக்கை தருகிறது. ஒரு நாளில் 6.5 சென்டிமீட்டரைத் தாண்டினால் கனமழை, 11.5 சென்டிமீட்டருக்கு மேல் மிகக் கனமழை, 20.4 சென்டிமீட்டருக்கு மேல் அதிகனமழை என்பது அவர்களுடைய கணக்கு. ஆனால் எச்சரிக்கை மாவட்டம் முழுவதற்கும் பொதுவாக வருகிறது. சேலம் நகரத்தில் தூறலாக இருக்கும்போதே மலையில் பிடித்து ஊற்றுவதை எத்தனையோ முறை பார்த்திருப்பீர்கள். ஆகவே வாசலில் உங்களுக்கென ஒரு மழைமானி வைத்துக்கொள்ளுங்கள். வாயும் அடியும் ஒரே அகலமுள்ள எவர்சில்வர் சம்படம் ஒன்று போதும். கூரைத் தண்ணீரோ மரத்துச் சொட்டோ விழாத வெட்டவெளியில் அதை ஒரு கல்லின் மேல் அசையாமல் வையுங்கள். உள்ளே பள்ளிக்கூட அளவுகோலை நிறுத்திப் பார்த்தால் எத்தனை சென்டிமீட்டர் என்று தெரிந்துவிடும். வாளியும் பெயிண்ட் டப்பாவும் வாய் அகன்றவை என்பதால் கணக்குத் தவறும். காலை எட்டரை மணிக்குக் கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். வானிலை மையம் நாள் கணக்கைத் தொடங்குவதும் அந்நேரந்தான். பிள்ளைகளிடம் இந்த வேலையைக் கொடுத்தால் ஒரு நாளும் தவறவிட மாட்டார்கள்.

உங்கள் வீடு இருக்கும் நிலைக்கு என் கணிப்பைச் சொல்கிறேன். முந்திய இரண்டு மூன்று நாள்களாக மழை பெய்து மண் ஏற்கெனவே ஊறியிருக்கும்போது, சம்படத்தில் பகலுக்குள் 10 சென்டிமீட்டர் சேர்ந்து, மேலும் பெய்துகொண்டே இருந்தால், மாலை நான்கு மணிக்குள் வீட்டைப் பூட்டிக்கொண்டு மலையில் பார்த்து வைத்த புகலிடத்துக்குப் போய்விடுங்கள். சிவப்பு எச்சரிக்கை வந்திருந்தால் அந்த 10 சென்டிமீட்டருக்கும் காத்திருக்க வேண்டாம். வீணாகப் போய்த் திரும்பினோமே என்று இரண்டு முறை சலித்துக்கொள்ள நேரிடலாம். அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். வயநாட்டில் 2024 ஜூலை 30 அன்று முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகளை நிலச்சரிவு வாரிக்கொண்டு போனது ஊர் உறங்கிக்கொண்டிருந்த நள்ளிரவுக்குப் பின். அதே ஆண்டு டிசம்பர் 1 அன்று திருவண்ணாமலையில் மலைச்சரிவிலிருந்த வீட்டின் மேல் மண்ணும் பாறையும் விழுந்து ஏழு பேர் இறந்தனர். அது நம் மலையைப்போலவே பாறையும் மண்ணும் கலந்த சரிவு.

மழை அளவு எதுவானாலும், கீழே சொல்பவற்றில் ஒன்றைக் கண்டால்கூட அப்போதே கிளம்ப வேண்டும். தரையிலோ சுவரிலோ புதிதாக வெடிப்பு விடுவது. நேற்றுவரை நன்றாகச் சாத்திய கதவு திடீரென இறுகி ஒட்டிக்கொள்வது. மின்கம்பமும் வேலிக்கல்லும் சாய்வது. தெளிவாக வந்த ஊற்று நீர் செம்மண் கரைசலாக மாறுவது. மேலே மரம் முறியும் ஓசையோ, லாரி வருவதுபோன்ற தொடர் உறுமலோ கேட்பது ஆகியவை அந்த அறிகுறிகள். இவற்றில் பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் ஒன்றுண்டு. கொட்டும் மழையில் ஓடையில் தண்ணீர் திடீரென்று குறைந்தால் ஆபத்து விலகியதாக நினைத்து நிம்மதியடைகிறார்கள்; மேலே எங்கோ மண் சரிந்து ஓடையை மறித்திருக்கிறது, அந்த மறிப்பு உடைந்தால் எல்லாம் ஒருசேர வரும் என்பதுதான் அதன் பொருள். மழை நின்ற பிறகும் ஊறிய மண் ஓரிரு நாள் வரை சரியலாம் என்பதால், வெயில் தலைகாட்டியவுடன் திரும்பிவிடக் கூடாது.

யார் முடிவு செய்வது என்பதில்தான் நம் குடும்பங்கள் தடுமாறுகின்றன. கணவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வோம் என்று போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கும் நேரத்தில் டவர் போய்விடும். வீட்டில் அப்போது இருக்கும் பெரியவரே, அதாவது பெரும்பாலான நாள்களில் நீங்களே, யாரையும் கேட்காமல் முடிவெடுக்கலாம் என்று இன்றே மூவரும் பேசி ஒப்புக்கொள்ளுங்கள். மாமியாரிடம் இதை உங்கள் கணவர் வாயால் சொல்லச் செய்யுங்கள். மகன் சொன்னதாக இருந்தால் அவர் அன்றைக்கு வாதாட மாட்டார். கணவருக்கும் ஒரு நிபந்தனை உண்டு: செய்தி கிடைத்ததும் பதறி இருசக்கர வண்டியை எடுத்துக்கொண்டு மலையேறக் கூடாது. பாதையில் அவர் மாட்டிக்கொண்டால் உங்களைத் தேட வேண்டியவர்கள் அவரைத் தேட வேண்டியதாகிவிடும். வெளியூரில் இருக்கும் உறவினர் ஒருவரைத் தகவல் மையமாக வைத்துக்கொண்டு, எல்லோரும் அவருக்கே குறுஞ்செய்தி அனுப்புவது நல்லது. பேச்சு போகாத நேரத்திலும் குறுஞ்செய்தி சில சமயம் போய்ச் சேரும். பிள்ளைகள் பள்ளியில் இருக்கும்போது பாதை அடைபட்டால் அவர்களை யார் வந்து அழைத்துக்கொள்ளலாம் என்பதைத் தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

மாமியாரை எப்படி அழைத்துப் போவது என்பதை மழை வருமுன் ஒருமுறை செய்தே பார்த்துவிட வேண்டும். கை வைத்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றில் அவரை உட்கார வைத்து, இடுப்பையும் மார்பையும் நீளத் துண்டுகளால் நாற்காலியின் முதுகோடு சேர்த்துக் கட்டுங்கள். கைகளை மடியில் கோத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வெளியே நீட்டினால் தூக்குபவர் சமநிலை இழப்பார். ஒருவர் பின்னால் நின்று முதுகுப்பகுதியைப் பிடித்து நாற்காலியைத் தம்பக்கம் சாய்த்துக்கொள்ள, மற்றவர் முன்கால்கள் இரண்டையும் பிடித்துத் தூக்க வேண்டும். படியிறங்கும்போது அவர் முகம் இறங்கும் திசையையே பார்த்திருக்கட்டும், நாற்காலி பின்பக்கம் சாய்ந்தே இருக்கட்டும். வெயிலில் வெளுத்து வெடிப்பு விட்ட பழைய நாற்காலியை இதற்கு எடுக்காதீர்கள். இருவர் தூக்குவது என்றால் மாற்றாள் இருவர் உட்பட நால்வர் தேவை; அவர்கள் பக்கத்து லைன் வீடுகளில், அதாவது தோட்டத் தொழிலாளர் குடியிருப்பில், யார் யார் என்பது இப்போதே பெயரோடு தெரிந்திருக்க வேண்டும். ஊராட்சிகளில் முதல்நிலை மீட்பாளர்கள் என்று தன்னார்வலர்களைத் தேர்ந்தெடுத்து வைத்திருப்பார்கள். உங்கள் வீட்டில் நடக்க இயலாதவர் ஒருவர் இருக்கிறார் என்பது அவர்களுக்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும் முன்கூட்டியே தெரிந்தால், எச்சரிக்கை வந்ததும் முதல் வண்டி உங்கள் வாசலுக்கு வர வாய்ப்புண்டு.

இனிப் பைகள். ஒரே பெரிய பெட்டியாகக் கட்டாதீர்கள். கையை விட்டு இரண்டு தோளிலும் மாட்டக்கூடிய பள்ளிப்பைகளே ஏற்றவை. பெரியவர்களுக்கு ஆளுக்கொன்று, பிள்ளைகளுக்கு அவரவர் துணியும் தின்பண்டமும் மட்டும் வைத்த இலேசான பை ஒவ்வொன்று. உள்ளே வைப்பவை அனைத்தையும் முதலில் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கட்டிவிட வேண்டும், ஏனெனில் மழையில் நனையாத பை என்று கடையில் விற்பது அரை மணி நேரத்துக்குத்தான் தாங்கும். கார்த்திகை, மார்கழியில் ஏற்காட்டு இரவு எப்படியிருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நனைந்த உடம்போடு கல் தரையில் படுப்பவர்களுக்குக் கம்பளியும் காதை மூடும் குல்லாவும் சோற்றைவிட முதலில் தேவைப்படும்.

காகிதங்களைப் பொறுத்தவரை, மூலங்களை எல்லாம் ஒரே உறையில் போட்டுக் கையோடு கொண்டுபோவது சரியா என்று கேட்டால், பத்திரத்துக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். கிரயப் பத்திரத்தின் மூலம் வங்கிப் பெட்டகத்திலோ சேலத்தில் நம்பிக்கையான உறவினர் வீட்டிலோ இருக்கட்டும். தொலைந்தாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்கலாம். பட்டா, சிட்டாவை இணையத்திலேயே எடுக்கலாம். ஆதார், ஓட்டுநர் உரிமம், வண்டியின் பதிவுச் சான்று போன்றவற்றை டிஜிலாக்கரில் ஏற்றிவிடுங்கள். கையோடு இருக்க வேண்டியவை குடும்ப அட்டை, ஆதார் நகல்கள், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, மாமியாரின் மருத்துவச் சீட்டுகள் ஆகியவைதாம். முகாமில் பெயர் பதியும்போதும் பிறகு நிவாரணம் கணக்கிடும்போதும் முதலில் கேட்பது குடும்ப அட்டை எண். அதை எல்லோரும் தனியே ஒரு காகிதத்திலும் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. நகையைப் பற்றி ஒரு வார்த்தை: ஐப்பசி பிறக்குமுன் அதைப் பெட்டகத்துக்கு அனுப்பிவிடுங்கள். நகை எங்கே எங்கே என்று தேடிக்கொண்டிருந்ததால் புறப்பாடு தாமதமான வீடுகள் பல.

மருந்து குறைந்தது பத்து நாளைக்கு வேண்டும். மலைப்பாதை அடைபட்டால் மருந்துக் கடைக்குச் சரக்கு வருவதும் நின்றுவிடும். மாத்திரை அட்டைகளை அப்படியே வையுங்கள், பிரித்து டப்பியில் கொட்டினால் முகாமில் வரும் மருத்துவருக்கு எது என்னவென்று தெரியாது. மாமியாருக்கு இன்சுலின் உண்டு என்றால், திறந்து பயன்படுத்திவரும் பேனாவோ குப்பியோ வெயில் படாத இடத்தில், 30 டிகிரிக்குள், பெரும்பாலும் நான்கு வாரம் வரை கெடாது. மலையின் குளிர் இதற்கு உதவியே. திறக்காதவற்றை மட்டும் குளிரில் வைக்க வேண்டும், ஆனால் பனிக்கட்டி நேரடியாக அதன்மேல் படக் கூடாது; உறைந்துபோன இன்சுலின் பயனற்றது. ஈரத்துணி சுற்றிய சிறு மண்குடுவைக்குள் பிளாஸ்டிக் உறையில் கட்டி வைத்தாலே போதுமானது. அவருடைய கண்ணாடி, பல்செட், ஊன்றுகோல் ஆகியவை இரவில் எங்கே வைக்கப்படுகின்றன என்பதையும் வழக்கப்படுத்திக்கொள்ளுங்கள்.

உணவுக்கு அடுப்பு வேண்டாதவையே சரி: அவல், பொரிகடலை, கடலை மிட்டாய், பேரீச்சை, சத்துமாவு. ஆளுக்கு ஒரு நாளைக்குக் குடிக்க மூன்று லிட்டர் என்ற கணக்கில் ஒரு நாள் தண்ணீரை எடுத்துக்கொண்டால், அதற்குள் முகாமில் ஏற்பாடு நடந்துவிடும். பணத்தை ஐந்நூறு ரூபாய்த் தாளாக வைக்காமல் பத்தும் இருபதும் ஐம்பதுமாக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். டவர் இல்லாத ஊரில் ஜிபே ஓடாது, பெட்டிக்கடையில் சில்லறையும் இருக்காது. டார்ச் விளக்கு, நிறைத்த பவர் பேங்க், ஆளுக்கொரு விசில். இடிபாட்டுக்கடியில் கத்திக் கத்தித் தொண்டை வற்றியவருக்கு விசில் ஊதத் தெம்பிருக்கும்.

அவசர எண்களைப் போனில் மட்டும் வைக்காமல் பிள்ளைகளின் பையிலும் எழுதி வையுங்கள்: எல்லாவற்றுக்கும் பொதுவாக 112, ஆம்புலன்சுக்கு 108, மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்கு 1070, சமையல் எரிவாயுக் கசிவுக்கு 1906. வெளி மாவட்டத்திலிருந்து உறவினர் சேலத்தின் 1077ஐ அழைப்பதானால் முன்னால் 0427 சேர்க்க வேண்டும். தமிழக அரசின் டிஎன் அலர்ட் செயலியையும் இறக்கி வைக்கலாம்.

வீட்டைப் பூட்டுமுன் செய்ய வேண்டியவை மிகச் சில, ஆனால் வரிசை முக்கியம். முதலில் எரிவாயு: ரெகுலேட்டரை மூடிக் கழற்றி, சிலிண்டருக்கு அதன் மூடியைப் போடுங்கள். நீர் புகும் இடமானால் சிலிண்டரைச் சன்னல் கம்பியோடு சங்கிலியால் கட்டிவிட வேண்டும். காலிச் சிலிண்டர்தான் மிதக்கும் என்று நினைக்க வேண்டாம். வீட்டுச் சிலிண்டரின் கொள்ளளவு 33 லிட்டருக்குச் சற்று அதிகம், நிரம்பிய நிலையில் மொத்த எடை ஏறத்தாழ 30 கிலோதான் என்பதால், நிரம்பிய சிலிண்டரும் மிதந்து போய் எங்காவது மோதும். அடுத்து மின்சாரம். மெயின் சுவிட்சை அணைத்ததும் வேலை முடிந்துவிட்டதாகப் பலர் எண்ணுகிறார்கள்; இன்வெர்ட்டர் இருக்கும் வீட்டில் அது மின்வெட்டு என்று கணக்கிட்டு உடனே வீட்டு வயர்களுக்கு மின்சாரம் அனுப்பத் தொடங்கும். ஆகவே இன்வெர்ட்டரைத் தனியே அணைத்துவிட்டு மெயினையும் அணைக்க வேண்டும். காலடியில் தண்ணீர் நின்றாலோ கை ஈரமாக இருந்தாலோ சுவிட்சைத் தொடாமலே வெளியேறிவிடுங்கள்.

பசுக்களை அவிழ்த்து விட்டுவிட வேண்டும். கூடவே ஓட்டிப்போக நேரம் இருந்தால் சரி. இல்லையென்றால் கயிற்றையும் மூக்கணாங்கயிற்றின் நீண்ட நுனியையும் அறுத்துவிட்டுத் தொழுவக் கதவைத் திறந்து வையுங்கள். கால்நடைக்குத் தன் மேட்டைத் தேடிப் போகத் தெரியும், கட்டிப்போட்டதுதான் சாகும். காதுத் தோட்டின் எண்ணைப் படமெடுத்து வைத்திருந்தால் பிறகு கண்டுபிடிக்கவும், இழப்பீடு கேட்கவும் உதவும். தோட்டத்துச் சில்வர் ஓக் மரங்கள் காற்றில் எளிதில் முறிபவை; போகும் வழி அவற்றின் அடியிலாக இருந்தால், கிளை கழிக்கும் வேலையை ஆவணிக்குள் முடிக்கச் சொல்லித் தோட்டக்காரரிடம் வற்புறுத்துங்கள்.

கோடையில் வேறோர் அபாயமும் உண்டு. மாசி முதல் சித்திரை வரை காய்ந்த புல்லில் பற்றும் காட்டுத்தீ சரிவில் மேல்நோக்கியே வேகமாக ஏறும். அப்போது உச்சியை நோக்கி ஓடாமல், பக்கவாட்டில் சாலைக்கோ புல் இல்லாத வெட்டவெளிக்கோ போக வேண்டும். பை அதேதான், கம்பளிக்குப் பதில் மூக்கைப் பொத்த ஈரத் துண்டு.

தங்கை வீட்டுக்கு வருகிறேன். அவர்களுடைய ஆபத்து மண் அல்ல, தண்ணீர். அதுவும் உங்கள் தலையில் பெய்த தண்ணீர். சேர்வராயன் மலையில் பிறக்கும் திருமணிமுத்தாறு சேலம் நகரத்தை ஊடறுத்துக்கொண்டு போவதால், நகரில் மழை ஓய்ந்த பிறகும் மலைநீர் சில மணி நேரம் கழித்து வந்து சேரும். எனவே அக்காள் மலையில் சம்படத்தைப் பார்த்து அனுப்பும் குறுஞ்செய்தியே தங்கைக்கு எச்சரிக்கை. அவர்கள் நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. அதே தெருவில் உறுதியான மாடி வீடு ஒன்றில் இடம் பேசி வைத்தால் போதும். முதலில் நிரம்புவது குழித்தறியின் குழி. நெய்து சுற்றிய சேலையையும் சரிகையையும் பட்டு நூலையும் பரண்மேல் ஏற்றிவிட வேண்டும். தறியில் நீளவாக்கில் பூட்டிய பாவு நூலை இரண்டு பேர் சேர்ந்து அவிழ்த்துச் சுருட்ட எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பது நெசவாளர்களுக்கே தெரியும், அந்த நேரம் இல்லையென்றால் பாவு நூலை விட்டுவிட்டு ஆள் வெளியேறுவதே முறை. அடைத்த கதவை விடக் கழிவறை வழியாகத்தான் சாக்கடை நீர் முதலில் எதிர்த்துக்கொண்டு வரும். பீங்கானின் வாயில் மணல் மூட்டை வைத்து அமுக்கிவிடுங்கள். இரவில் தரைப்பாலத்தைக் கடக்கவே வேண்டாம். முழங்காலுக்குக் கீழான ஓட்டநீரே ஆளைத் தள்ளிவிடும்; ஓரடித் தண்ணீர் சிறு காரைத் தூக்கும், இரண்டடி பெரும்பாலான வண்டிகளை இழுத்துப் போகும்.

மேட்டூருக்குக் கீழே பூலாம்பட்டி போன்ற காவிரிக்கரை ஊர்களில் உங்கள் உறவினர் யாரேனும் இருந்தால், அவர்களுடைய பருவம் வேறு. 120 அடி முழு நீர்மட்டமும் 93.47 டி.எம்.சி. கொள்ளளவும் கொண்ட மேட்டூர் அணை, கர்நாடகத்தில் பெய்யும் தென்மேற்குப் பருவமழையால் ஆடி, ஆவணியில் நிரம்பும். உபரி நீர் திறப்பதாக அறிவிப்பு வரும் நாளில் சேலத்தில் வெயில் கொளுத்திக்கொண்டிருக்கலாம். வானத்தைப் பார்த்துவிட்டு அறிவிப்பைப் புறக்கணிப்பது அங்கே அடிக்கடி நடப்பது.

திரும்பி வரும்போது அதிகாரிகள் அனுமதித்த பிறகே, பகலில், முதலில் பெரியவர் ஒருவர் மட்டும் போய்ப் பார்க்க வேண்டும். சன்னல்களைத் திறந்து காற்றோட்டம் விட்டு, வாயு வாடை இல்லை என்று தெரிந்த பிறகே தீக்குச்சியும் சுவிட்சும். நனைந்த வயரிங்கை எலக்ட்ரீஷியன் பார்க்காமல் மெயினைப் போடக் கூடாது. துணிக்குவியலுக்கும் விறகுக்கும் அடியில் பாம்பு ஒதுங்கியிருக்கும் என்பதால் நீளக் கோலால் கிளறிவிட்டுக் கை வையுங்கள். வெள்ள நீரில் வெறுங்காலோடு வேலை செய்தவருக்கு அடுத்த இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், அது எலிக்காய்ச்சலாக இருக்கலாம் என்று மருத்துவரிடம் தாமாகவே சொல்ல வேண்டும். கிணற்று நீர் சுகாதார ஆய்வாளர் குளோரின் போட்டுப் பார்க்கும் வரை துவைக்கத்தான் ஆகும்.

சுத்தம் செய்யத் தொடங்குமுன் ஒவ்வொரு அறையையும், சுவரில் நீர் நின்ற கோட்டையும், சரிந்த மண்ணையும், உடைந்த தறியையும் தேதி தெரியும்படி படமெடுத்துக்கொண்டு கிராம நிர்வாக அலுவலருக்குத் தகவல் கொடுங்கள். கழுவித் துடைத்த வீட்டைக் காட்டி நிவாரணம் கேட்டால் அவரால் எழுதுவதற்கு எதுவும் இருக்காது.